நாள் கிழமை இல்லாத நாளில் மற்ற ஊர்க்காரர்கள் சமைப்பது

வெளிநாட்டுச் சமையல் பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டலில் சாப்பிட்டதை வீட்டில் செய்து பார்க்கத்தான் கிளம்புகிறார்கள். அங்கேயே பாதி ஆர்வம் போய்விடுகிறது. ஓட்டல்காரருக்குச் சீறி எரியும் பெரிய அடுப்பு இருக்கிறது, காலையிலிருந்து கொதிக்கும் எலும்புச் சாறு இருக்கிறது, வெங்காயம் உரித்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. எனக்கு ஆபீஸிலிருந்து வந்த பிறகு ஒரு மணி நேரமும் இரண்டு பர்னரும்தான்.

அதனால் எந்த நாட்டுச் சமையலாக இருந்தாலும் நான் தேடுவது ஒன்றைத்தான்: பண்டிகை, விசேஷம் எதுவும் இல்லாத நாளில், வேலைக்குப் போய்க் களைத்து வந்த ஒருவர் அந்த ஊரில் என்ன சமைத்துச் சாப்பிடுவார்? நம் வீட்டில் ரசமும் அப்பளமும் இருக்கும் இடத்தில் அங்கே என்ன இருக்கிறது? எல்லா ஊரிலும் அப்படி ஒன்று உண்டு. பொருள் கொஞ்சம், செலவு கொஞ்சம். ஆனால் எங்காவது ஓரிடத்தில் மட்டும் கறாராக இருக்கும். அந்த ஓரிடம் எது என்று தெரிந்துகொண்டால், மற்றதில் முன்னே பின்னே இருந்தாலும் சமையல் நன்றாகவே வரும்.

சீனாவில் தக்காளியும் முட்டையும். அங்கே பல பிள்ளைகள் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் சமையல் இதுதான். மூன்று முட்டை, மூன்று தக்காளி, உப்பு, சர்க்கரை, வெங்காயத்தாள். நாம் செய்தால் தக்காளியை வதக்கி அதன் மேலேயே முட்டையை உடைத்து ஊற்றி முட்டைப் பொடிமாஸ் ஆக்கிவிடுவோம். அவர்கள் முதலில் எண்ணெயை நன்றாகக் காய வைத்து, அடித்த முட்டையை ஊற்றி, அரை நிமிடத்தில் பெரிய பெரிய துண்டுகளாக, இன்னும் ஈரம் இருக்கும்போதே எடுத்துத் தட்டில் வைத்துவிடுகிறார்கள். அதே வாணலியில் தக்காளி வெந்து சாறு விட்ட பிறகு முட்டை திரும்ப உள்ளே போகிறது. இந்தச் சமையலில் கறாரான இடம் அதுதான். முட்டை மெத்தென்று சாற்றைக் குடித்துக்கொண்டு இருக்க வேண்டும். சர்க்கரை எவ்வளவு என்பதில் அங்கேயே வீட்டுக்கு வீடு வழக்கு. நாட்டுத் தக்காளி என்றால் நான் ஒரு டீஸ்பூன் தாராளமாகப் போடுவேன், பெங்களூர் தக்காளிக்குப் பாதி போதும். வெறும் சாதத்தில் போட்டுப் பிசைந்தால் மிளகாய்த்தூள் ஞாபகமே வருவதில்லை.

அடுத்த நாட்டுக்குப் போவதற்கு முன் அளவு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சமையல் குறிப்பில் 'ஒரு கப்' என்று இருந்தால், அதை எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் அரிசி அளக்கும் கப் வெறும் 180 மில்லிதான். டேபிள்ஸ்பூன் மற்ற இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. அமெரிக்கர்கள் 'ஒரு ஸ்டிக் வெண்ணெய்' என்றால் 113 கிராம். ஓவன் சூட்டை 350 என்று போட்டிருந்தால் அது ஃபாரன்ஹீட், நம் ஓவனில் 175 செல்சியஸ் வைத்தால் சரி. அவர்கள் சொல்லும் 'ஒரு வெங்காயம்' நம் மார்க்கெட் வெங்காயம் இரண்டுக்குச் சமம். சமையலறைக்கு என்று ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. விலை உயர்ந்த சாஸ் பாட்டில்களுக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான்.

லெபனான், சிரியா, பாலஸ்தீனம் பக்கத்து முஜத்தராவில் அரிசி, பருப்பு, வெங்காயம் மூன்றுதான். 13ஆம் நூற்றாண்டு பாக்தாத் சமையல் குறிப்புகளிலேயே இது இருக்கிறது, அப்போது இறைச்சியும் சேர்த்திருக்கிறார்கள். இன்றைக்கு வீடுகளில் செய்வது சைவம். பருப்பு என்றால் தோல் நீக்காத முழு மைசூர் பருப்பு, வெளியே பழுப்பாக இருப்பது. சிவப்பாக உடைத்து விற்பதைப் போட்டால் குழைந்து கஞ்சியாகிவிடும். ஒரு கப் பருப்பைப் பாதி வேக வைத்து, ஒரு கப் அரிசி, சீரகத்தூள், உப்பு சேர்த்து மூடினால் அந்த வேலை முடிந்தது.

வேலை எல்லாம் வெங்காயத்தில் இருக்கிறது. பெரிய வெங்காயம் நான்கு, நீளநீளமாக நறுக்கி, கால் கப்புக்குக் குறையாத ஆலிவ் எண்ணெயில், மிதமான தீயில் அரை மணி நேரம். பிரியாணிக்குப் பொன்னிறம் வந்ததும் நிறுத்துவோம் இல்லையா, இங்கே அதைத் தாண்டிப் போக வேண்டும். காப்பிப் பொடி நிறம் எட்டிப் பார்க்கும்போது நிறுத்தினால் சரி. ஒரு நிமிடம் விட்டால் கருகல், ஐந்து நிமிடம் முன்னால் எடுத்தால் வெறும் வதக்கின வெங்காயம். அந்தக் கடைசிக் கட்டத்தில் போனைத் தொடாமல் அடுப்படியில் நிற்க வேண்டும். பாதி வெங்காயத்தையும் அந்த எண்ணெயையும் சோற்றில் கலந்து, மீதியை மேலே தூவி, பக்கத்தில் கெட்டித் தயிர். மறுநாள் டிபன் பாக்ஸில் ஆறிப்போய்ச் சாப்பிடும்போது இன்னும் நன்றாக இருக்கும் சோறு இது. ஆபீஸ் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பருப்பு என்றதும் எத்தியோப்பியா. அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும், ஈஸ்டருக்கு முன்னால் 55 நாளும், இன்னும் பல நாட்களும் விரதம் இருப்பார்கள். விரதம் என்றால் கறி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. ஆகவே அவர்களிடம் சைவச் சமையல் ஒரு பெரிய சமுத்திரம். எங்கள் வீட்டில் அத்தைக்கு வெள்ளிக்கிழமை சைவம்தான் என்பதால் மிஸிர் வோட் என்ற அவர்களுடைய பருப்புக் குழம்பு சுலபமாக உள்ளே வந்துவிட்டது. நாம் சாம்பாருக்கு அவசரத்தில் போடும் அதே சிவப்பு மைசூர் பருப்புதான்.

இதில் நம் கைப்பழக்கத்துக்கு நேர் எதிரான ஒரு காரியம் செய்ய வேண்டும். மூன்று பெரிய வெங்காயத்தை ரவை மாதிரிப் பொடியாக நறுக்கி, எண்ணெய் ஒரு சொட்டு ஊற்றாமல், அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளற வேண்டும். முதலில் தண்ணீர் விடும், பிறகு அது வற்றும், அடி பிடிக்கிற மாதிரி வந்தால் ஒரு கரண்டி வெந்நீர். கால் மணி, இருபது நிமிடம் கழித்து வெங்காயம் தன் உருவம் இழந்து கூழாகிவிடும். அதற்கு மேல்தான் எண்ணெய், அதற்கு மேல் பெர்பெரே என்கிற மசாலா, பிறகு இஞ்சி, பூண்டு, கழுவிய பருப்பு, மூன்று பங்கு தண்ணீர். குக்கர் வேண்டாம். திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரத்தில் கெட்டியாக வந்துவிடும். தாளிப்பும் இல்லை, தேங்காயும் இல்லை, ஆனாலும் குழம்புக்கு இப்படி ஒரு கனம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அந்த வெங்காயம்தான்.

பெர்பெரே சென்னையில் தேடி அலைய வேண்டியதில்லை. காஷ்மீரி மிளகாய், தனியா, வெந்தயம், மிளகு, ஏலக்காய், கிராம்பு, ஓமம், சுக்கு, கொஞ்சம் ஜாதிக்காய். வெறும் வாணலியில் தனித்தனியாக வறுத்துப் பொடித்தால் நெருங்கி வந்துவிடும். அவர்கள் ஏலக்காய் வேறு ரகம், கற்பூர வாசனை தூக்கலாக இருக்கும். அது இல்லாமலும் ஓடுகிறது. வெந்தயம் மட்டும் விடாதீர்கள். விரதம் இல்லாத நாளில் அவர்கள் எண்ணெய்க்குப் பதில் மசாலா போட்டு உருக்கிய வெண்ணெயை ஊற்றுவார்கள். நெய்யில் ஒரு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, நாலு வெந்தயம், ஒரு ஏலக்காய், சிட்டிகை மஞ்சள் போட்டுப் பத்து நிமிடம் சிறு தீயில் வைத்து வடித்தால் போதும்.

அத்தை முதல் வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னம்மா, பருப்பில் கறிக்குழம்பு வாசனை வருது, இன்னைக்கு வெள்ளிக்கிழமை தெரியுமில்ல?" என்றார். நான் பாத்திரத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவரே, "அந்த ஆப்பிரிக்காப் பருப்பு வைக்கலாமா?" என்று கேட்பதுண்டு. இதோடு சாப்பிடும் இன்ஜெரா என்ற புளித்த மாவு ரொட்டியை மட்டும் நான் தொடுவதில்லை. அதற்கு டெஃப் என்ற தானியம் வேண்டும், மாவைச் சில நாள் புளிக்க விட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் வேக வைக்கப் பெரிய வட்டத் தட்டு வேண்டும். சாதாரண நாள் வேலை இல்லை அது. புளித்த தோசையை மூடி வைத்து ஒரு பக்கம் மட்டும் வேக வைத்து எடுத்தால் இந்தப் பருப்புக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இத்தாலிய ஸ்பகெட்டியைப் பற்றி ஊரெல்லாம் எழுதியாகிவிட்டது. நேப்பிள்ஸ் பக்கத்துப் பூண்டு-எண்ணெய் ஸ்பகெட்டி பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆளுக்கு 100 கிராம் ஸ்பகெட்டி, அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் ஒரு கப் எடுத்து வையுங்கள். பூண்டு வதங்கிய எண்ணெயில் அந்த மாவுத்தண்ணீரையும், இரண்டு நிமிடம் முன்னதாகவே எடுத்த ஸ்பகெட்டியையும் போட்டு வேகமாகக் குலுக்கினால் எண்ணெயும் தண்ணீரும் ஒன்று சேர்ந்து பால்போல் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீர் இல்லையென்றால் தட்டின் அடியில் எண்ணெய் தேங்கும், மேலே காய்ந்த ஸ்பகெட்டி இருக்கும்.

மிசோ என்ற புளிக்க வைத்த சோயா விழுதில் செய்யும் ஜப்பானிய சூப்பை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் கருவாட்டுக் கடைக்கு வேலை இருக்கிறது.

அவர்கள் சமையலின் அடித்தளம் டாஷி என்ற தெளிந்த சாறு. கொம்பு என்ற காய்ந்த கடற்பாசியையும், கட்சுவோபுஷி என்ற மீனையும் கொண்டு எடுப்பது. கடற்பாசி ஊறின நீரில் இருக்கும் ருசி என்ன என்று தேடிப் போய்த்தான் கிகுனே இகெடா என்ற வேதியியல் பேராசிரியர் 1908இல் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். கட்சுவோபுஷி என்பது சூரை வகை மீனை வேக வைத்து, திரும்பத் திரும்பப் புகை போட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை காய வைப்பது. உயர்ந்த ரகத்தில் ஒரு வகைப் பூஞ்சையையும் வளர விடுவார்கள். இந்த வர்ணனையைப் படித்ததும் எனக்கு மாசிதான் நினைவுக்கு வந்தது. மாலத்தீவிலும் மினிக்காயிலும் அதே சூரை வகையை வேக வைத்து, புகை போட்டு, வெயிலில் காய வைப்பதுதானே மாசிக் கருவாடு! பூஞ்சை வேலை மட்டும் இதில் கிடையாது.

மாசியை உரலில் இடித்துப் பொடித்துக்கொள்ள வேண்டும், மிக்ஸியில் போட்டால் பிளேடு அழும். முதலில் 10 கிராம் கொம்பை ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, சிறு தீயில் சூடாக்கி, கொதி வருவதற்குச் சற்று முன் கொம்பை எடுத்துவிடுங்கள். கொதிக்க விட்டால் வழவழப்பும் ஒரு கசப்பும் வரும். பிறகு ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, இரண்டு டேபிள்ஸ்பூன் மாசித்தூளைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். பிழியக் கூடாது. கட்சுவோபுஷி சாறு போல மென்மையாக இராது, கொஞ்சம் முரட்டு வாசனை, உப்பும் கூட. அதற்கேற்ப மிசோவைக் குறைத்துப் போட்டால் நல்ல சூப். மீன் சேராதவர்களுக்குக் காய்ந்த ஷிடாக்கே காளானை இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்த நீர். ஜப்பானியப் புத்த மடங்களில் கொம்பும் காளானும் சேர்த்துத்தான் டாஷி எடுக்கிறார்கள்.

சூப் செய்வது இரண்டு நிமிட வேலை. சாற்றில் டோஃபு என்ற சோயாப் பன்னீர், வெங்காயத்தாள், கையில் இருக்கும் கீரை எதுவானாலும் வேக வைத்து, அடுப்பை அணைத்த பிறகு கிண்ணத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக மிசோவைக் கரண்டியில் கரைத்து ஊற்ற வேண்டும். மிசோ போட்ட பிறகு கொதிக்க விட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். நாம் ரசத்தை நுரை கட்டியதும் இறக்குவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். முருங்கைக்கீரை இதற்கு அபாரமாகச் சேர்கிறது. மகளின் கண்டுபிடிப்பு அது, பெருமை அவளுக்கே போகட்டும்.

கொரியர்களின் புளித்த முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சிக்கு வருவோம். சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து கொரியர்கள் இங்கே குடும்பத்தோடு வந்து தங்குகிறார்கள். அவர்களுக்காக வந்த மளிகைக் கடைகளில் நமக்கும் சாமான் கிடைக்கிறது. வாங்க வேண்டியது கொச்சுகாரு என்ற மிளகாய்த் திப்பி. அதைக் கறாராகச் சொல்கிறேன், நம் மிளகாய்த்தூள் போட்டால் கிம்ச்சி வராது. கொரிய மிளகாயில் காரம் குறைவு, லேசான இனிப்பு உண்டு, விதை நீக்கிக் கொரகொரப்பாகப் பொடித்தது. நம் தூளை அந்த அளவுக்குப் போட்டால் வாயில் வைக்க முடியாது, காரத்துக்கு ஏற்பக் குறைத்தால் நிறமும் பசையும் வராது. கடை எட்டாத ஊரில் இருப்பவர்கள் காஷ்மீரி மிளகாயின் விதையைத் தட்டிவிட்டுத் திப்பி திப்பியாகப் பொடித்துப் பார்க்கலாம். அமெரிக்கக் கண்டத்து மிளகாய் கொரியாவுக்குப் போனதே 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில்தான். அதற்கு முன் கிம்ச்சி வெள்ளையாகத்தான் இருந்தது. ஆகவே காரம் ஆகாதவர்கள் மிளகாயே இல்லாமல் போட்டாலும் அதற்கும் பரம்பரை உண்டு.

சீன முட்டைக்கோஸை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, இலை இடுக்குகளில் கல் உப்பைத் தூவி வைக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்க வேண்டாம். அடித்தண்டை எடுத்து வளைத்துப் பாருங்கள். முறியாமல் வளைந்தால் சரி, சடக்கென்று முறிந்தால் இன்னும் வேண்டும். நன்றாக அலசி, நீர் வடிய விட வேண்டும். அரிசி மாவில் ஒரு நீர்த்த கஞ்சி காய்ச்சி ஆற வைத்து, அதில் கொச்சுகாரு, பூண்டு, இஞ்சி, மீன் சாஸ், வெங்காயத்தாள், குச்சி குச்சியாக நறுக்கிய முள்ளங்கி கலந்து, ஒவ்வொரு இலைக்கும் பூசிக் கண்ணாடி ஜாடியில் அழுத்தி அடைத்தால் முடிந்தது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணைக் கசக்கிய பிறகு இந்த அறிவுரை பயன்படாது.

கொரியாவில் குளிர்காலத்துக்கு முன் அக்கம்பக்கத்தார் கூடி மொத்தமாகக் கிம்ச்சி போடுவார்கள். அந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் தன் பட்டியலில் சேர்த்தது. அங்கே குளிரில் மெல்ல மெல்லப் புளிக்க வேண்டியது, சென்னை மே மாதத்தில் காலையில் அடைத்தால் இரவுக்குள் குமிழி விட ஆரம்பித்துவிடும். குறிப்பில் இரண்டு நாள் வெளியே வைக்கச் சொல்லியிருந்தால் அது அந்த ஊர்க் கணக்கு. நம் இட்லி மாவுக்கு வெயில் காலத்தில் என்ன செய்வோமோ அதேதான், குமிழியைப் பார்த்ததும் பிரிட்ஜ். ஜாடியை நிரம்ப அடைக்காமல் நாலு விரல் இடம் விட்டு, ஒரு தட்டின் மேல் வையுங்கள், சாறு பொங்கும். தினமும் ஒரு தடவை மூடியைத் தளர்த்தி மூடினால் வாயு வெளியேறிவிடும். பழுத்துப் புளிப்பேறிய கிம்ச்சியைக் கொட்ட வேண்டாம். அதை நறுக்கிப் பழைய சோற்றோடு வதக்கி மேலே ஒரு ஆஃப்பாயில் போட்டால், கொரிய வீடுகளில் சாதாரண நாளுக்கு அதுதான் சாப்பாடு.

எதற்குப் பதில் எதைப் போடலாம் என்பது அடிக்கடி வரும் கேள்வி. கொரிய, சீனக் குறிப்புகளில் வரும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, கடைசியில் வாசனைக்கு ஒரு ஸ்பூன் ஊற்றுவது. நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டுவது, அந்த வாசனை இதில் வராது. தஹினி என்ற எள் விழுதுக்குத் தோல் நீக்கிய வெள்ளை எள்தான், கறுப்பு எள்ளில் அரைத்தால் கசக்கும். மெக்சிகோ, தாய்லாந்துக் குறிப்புகளில் வரும் பச்சை எலுமிச்சைக்கு நம் ஊர் எலுமிச்சையே சரி. ஐரோப்பியக் குறிப்பில் வரும் பெரிய மஞ்சள் எலுமிச்சைக்குப் பதிலாகப் போட்டால் சாற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும், நம்முடையதில் புளிப்பு அதிகம். டெட்ரா பேக்கில் வரும் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவில்தான் இருக்கும். சூப்புக்குப் போதும், அடித்து நுரைக்க வைக்க முடியாது, அதற்கு 35க்கு மேல் வேண்டும்.

பர்மாச் சமையல் நமக்கு அந்நியம் இல்லை. 1960களில் அங்கிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டு வந்த அத்தோ என்ற நூடுல்ஸ் கலவையை இன்றைக்கும் சென்னையில் பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் நின்றுகொண்டே சாப்பிடலாம். அதோடு தருகிற வாழைத்தண்டு சூப்பும் பர்மாக்காரர்களின் மொகிங்கா என்ற மீன் நூடுல்ஸ் சூப்பில் இருந்து வந்த உறவுதான். அதைவிடச் சுலபமாக வீட்டில் செய்யக்கூடியது ஷான் மாநிலத்து டோஃபு. பெயர் டோஃபு என்றாலும் சோயா கிடையாது, வெறும் கடலை மாவு. ஒரு கப் மாவைக் கட்டியில்லாமல் ஒன்றரை கப் தண்ணீரில் உப்பு, மஞ்சள் சேர்த்துக் கரைத்து, கொதிக்கும் ஒன்றரை கப் தண்ணீரில் ஊற்றி, பத்து நிமிடம் விடாமல் கிளற வேண்டும். பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வந்ததும் எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும். துண்டு போட்டு, புளித்தண்ணீர், பொரித்த பூண்டும் அந்தப் பூண்டெண்ணெயும், மிளகாய்த் திப்பி, கொத்தமல்லி, வறுத்த வேர்க்கடலை போட்டுக் கலந்தால் மத்தியான வெயிலுக்கு அருமை. மீந்த துண்டுகளை மறுநாள் பொரித்தால் வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மீதத்துக்காகவே செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியாக மெக்சிகோ டோர்டில்லா, மக்காச்சோளத்தில் சுடும் மெல்லிய ரொட்டி. இது சாதாரண நாள் சமையலா என்று கேட்டால், முதல் நாள் இரவே திட்டமிட்டால் ஆமாம். இட்லிக்கு ஊறப் போடும் வீட்டுக்கு இது பெரிய காரியம் இல்லை.

கடையில் விற்கும் மக்காச்சோள மாவைப் பிசைந்து தட்டினால் ஓரம் பிளந்து உதிர்ந்துபோகும். மாவில் குறை ஒன்றும் இல்லை, சோளம் சுண்ணாம்பில் வேகவில்லை, அவ்வளவுதான். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேக வைத்துத்தான் அரைக்கிறார்கள். சுண்ணாம்பு தோலைக் கழற்றுகிறது, மாவுக்குப் பசை கொடுக்கிறது, சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் கொண்டு போனார்கள், சுண்ணாம்பு வித்தையை விட்டுவிட்டார்கள். வட இத்தாலியில் சோளக் கூழையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்ற வைட்டமின் குறைபாட்டு நோய் பரவியது அதனால்தான்.

அரைக் கிலோ காய்ந்த மக்காச்சோளம் வேண்டும். மளிகைக் கடையில் சாப்பிட விற்பதை வாங்குங்கள். விதைக் கடையில் விற்பது கூடவே கூடாது, அதில் மருந்து தடவியிருக்கும். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு, வாசனை எதுவும் சேர்க்காதது, இரண்டு டீஸ்பூன். சுண்ணாம்புத் தூளாகக் கிடைத்தால் 5 கிராம், அதாவது சோளத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும், எவர்சில்வர்தான் எடுக்க வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சோளத்தைப் போட்டதும் மஞ்சள் நிறம் பளிச்சென்று தூக்கலாகும், சமையலறையில் ஒரு மண் வாசனை எழும். சிறு தீயில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். ஒரு சோள மணியை எடுத்து விரலில் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கடித்தால் நடுவில் இன்னும் சற்று மாவாக இருக்கலாம். அப்படியே மூடி இரவு முழுக்க விட்டு, காலையில் நாலைந்து தண்ணீர் விட்டுக் கையால் தேய்த்துத் தேய்த்து அலச வேண்டும்.

அரைக்க வெட் கிரைண்டர்தான். மிக்ஸியில் சூடேறிவிடும், மாவும் ஒரே சீராக வராது. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கல்லோடு போராடி, அடிக்கடி நிறுத்தி வழித்துவிட்டு அரைக்க வேண்டும். கெட்டியாக, கையில் உருட்டினால் ஒட்டாமல் வர வேண்டும். தண்ணீர் கூடிவிட்டால் கொஞ்சம் கடை மக்காச்சோள மாவைச் சேர்த்துச் சரி பண்ணிக்கொள்ளலாம். உப்புக்கூடத் தேவையில்லை. அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைத்து, எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, பால் கவரை வெட்டிக் கழுவி எடுத்த இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்துப் பூரி பிரஸ்ஸில் ஒரு அழுத்து. ஓரம் வெடித்தால் மாவுக்குத் தண்ணீர் போதவில்லை, பிளாஸ்டிக்கில் ஒட்டினால் அதிகம். நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில், எண்ணெய் இல்லாமல், முதல் பக்கம் அரை நிமிடம், திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்பினால் சில சமயம் பூரி போல உப்பும். உப்பாவிட்டாலும் குறையில்லை. சுட்டவுடன் துணியில் சுற்றி அடுக்கி வைக்க வேண்டும், பத்து நிமிடம் ஆவியிலேயே இருந்தால்தான் மடிக்கும்போது உடையாது.

அதற்கு மேல் என்ன வைப்பது என்பதில் அவர்கள் அலட்டிக்கொள்வதில்லை. வேக வைத்து வெங்காயத்தோடு மசித்த பீன்ஸ், நம் ஊரில் ராஜ்மாவோ காராமணியோ எடுக்கலாம். தொட்டுக்கொள்ளச் சால்சா: அதே தோசைக்கல்லில் தக்காளி, பச்சை மிளகாய், தோலோடு பூண்டு மூன்றையும் கறுக்கும்வரை சுட்டு, உப்பு வைத்து அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கி, பச்சை வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு. மெக்சிகோவில் எரிமலைக் கல்லில் செய்த உரலில் நசுக்குகிறார்கள், நம் அம்மி குறை வைப்பதில்லை. எங்கள் வீட்டு அம்மி பால்கனியில் செடித்தொட்டிக்கு அடியில் கிடந்தது, இதற்காகத்தான் திரும்ப உள்ளே வந்தது. அத்தை அதில் சட்னியும் அரைக்க ஆரம்பித்திருக்கிறார். "மிக்ஸி சட்னிய இனிமே என் தட்டுல வைக்காதம்மா" என்று உத்தரவு.

டோர்டில்லா மீந்தால் பிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், ஆனால் விறைத்துப்போகும். தண்ணீர் தெளித்துக் கல்லில் சூடாக்கினால் மடிக்கலாம். மூன்றாம் நாள் துண்டை எட்டாக வெட்டிப் பொரித்து, மீந்த சால்சாவில் ஒரு பிரட்டுப் பிரட்டி, மேலே முட்டை போட்டுச் சாப்பிடுவது மெக்சிகோக்காரர்களின் காலைச் சாப்பாடு, சிலாக்கிலஸ் என்று பெயர். புதிதாகச் சுட்ட டோர்டில்லாவை அப்படிப் பொரித்தால் எண்ணெய் குடிக்கும், பழசாக, காய்ந்து இருப்பதுதான் அதற்குச் சரி. சால்சாவில் போட்ட உடனே தட்டுக்கு வந்துவிட வேண்டும், ஐந்து நிமிடம் தாமதித்தால் சொதசொதத்துவிடும்.